ஈரி ஏரி இருந்த வரி

அந்தச் சிறுவர் படப் புத்தகத்தில் ஏறக்குறைய எல்லாமே கற்பனை. மரம் கற்பனை. அதன் பழத்தைத் தின்று வாழும் கரடிக்குட்டி போன்ற பிராணிகள் கற்பனை. மேலே பறக்கும் அன்னங்களும் குளத்தில் பாடித் திரியும் மீன்களும் கற்பனை. மரத்தின் கொண்டையைக் கொய்து பின்னி விற்கிறார்களே, அந்தப் பண்டமும் கற்பனை. நிஜமான இடப்பெயர்கள் என்று இரண்டு நினைவில் நிற்கின்றன. ஒன்று நியூ ஜெர்சியில் இருக்கும் வீஹாக்கன். உறவினருக்கு வழி சொல்லும்போது போகிறபோக்கில் வருவது அது. யாரையும் குற்றம் சொல்வதில்லை. மற்றது ஈரி ஏரி. குளம் கெட்டுப்போய் மீன்கள் வெளியேறும் இடத்தில், அங்கேயும் நிலைமை இதே மோசம்தானாம் என்று ஒரு வரி வரும்.

1971இல் ரேண்டம் ஹவுஸ் வெளியிட்ட 'தி லோராக்ஸ்' அந்த வரியோடுதான் பிறந்தது. இன்று கடையில் வாங்கும் பிரதியில் அது இல்லை. சூழல் எச்சரிக்கையைக் குழந்தைகளிடம் கொண்டுபோன நூல்களில் இதைப்போல் பரவியது வேறு எதுவும் இல்லை என்றே சொல்வேன். அதன் ஐம்பது ஆண்டு வாழ்க்கையை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். கற்பனை மரத்தை வெட்டியதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிஜ ஏரியின் பெயரை எழுதினால், அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் ஒருநாள் கேட்பார்கள். கேட்டார்கள்.

எழுதியவர் தியடோர் சூஸ் கைசல். உலகம் அவரை டாக்டர் சூஸ் என்று அறியும். 1904இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் பிறந்தவர். நகரத்துப் பூங்காக்களை நிர்வகித்தவர் அவருடைய அப்பா. அந்தப் பொறுப்பில் ஒரு மிருகக்காட்சிசாலையும் அடக்கம். பையன் பிராணிகளைப் பார்த்து வளர்ந்தான், பிராணிகளையே வரைந்தான். ஆனால் இளமையில் அவருக்குச் சோறு போட்டது பூச்சிமருந்து விளம்பரம். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் 'ஃப்ளிட்' மருந்துக்கு 1928இலிருந்து சுமார் 17 ஆண்டுகள் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். நம் வீடுகளிலும் மருந்து அடிக்கும் அந்தத் தகரப் பம்பை 'ஃப்ளிட்' என்றே சொல்லிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நஞ்சை நகைச்சுவையாக்கி விற்ற அதே கைதான் பிறகு லோராக்ஸை வரைந்தது. இதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பண்டம் எப்படி ஆசையாக மாறுகிறது, ஆசை எப்படித் தேவையாக மாறுகிறது என்பதை உள்ளிருந்து கற்றவர் அவர். அந்தப் படிப்பு இல்லாமல் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது.

1970இல் அவருக்கு வயது 66. கலிபோர்னியாவின் கடலோர ஊரான லா ஹோயாவில் குன்றின்மேல் வீடு. 'தி கேட் இன் தி ஹாட்' வந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன; பெரும் புகழ். குன்றின் கீழே மரங்கள் போய்க் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. அந்த ஏப்ரல் 22 அன்று அமெரிக்கா முதல் புவி நாளைக் கொண்டாடியது. பூச்சிமருந்துகளின் கேட்டைச் சொன்ன ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்ப்ரிங்' நூல் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைசலும் சூழல் பற்றிப் படித்துப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் புள்ளிவிவரமும் உபதேசமுமாக அவருக்கு அலுப்பூட்டின. கோபம் இருந்தது, எழுத்து வரவில்லை. கோபத்தோடு உட்கார்ந்தால் பிரசங்கம்தான் வருகிறது என்ற சிக்கலை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மனைவி ஆட்ரி அவரைக் கென்யாவுக்கு அழைத்துப் போனார். செப்டம்பர் மாதம். மவுண்ட் கென்யா சஃபாரி கிளப்பில் தங்கியிருந்தபோது ஒருநாள் தூரத்துக் குன்றைக் கடந்து யானைக்கூட்டம் ஒன்று போனது. அதைப் பார்த்த நேரத்தில் அடைப்பு விலகியது என்று அவரே பின்னாளில் சொன்னார். கையில் எழுதக் காகிதம் இல்லை. சலவைக்குப் போடும் துணிகளைக் குறித்துக்கொள்ளும் தாள்தான் இருந்தது. அதில் எழுதினார். புத்தகத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஒரே பிற்பகலில் முடிந்தது என்பதும் அவர் சொன்னதுதான். 50 சொற்களை மட்டும் வைத்து 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' எழுதியவர் அவர். ஒவ்வொரு வரியையும் மாதக்கணக்கில் இழைக்கிற மனிதர் ஒரு பிற்பகலில் கொட்டித் தீர்த்தார் என்றால், உள்ளே எத்தனை நாளாக அது கிடந்திருக்கும்!

அந்த நிலப்பகுதிக்கே உரிய ஒரு மரம் உண்டு. நம்மூர்க் கருவேலத்தின் இனம். முட்களின் அடி பருத்து உருண்டிருக்கும். உள்ளே எறும்புகள் குடியிருக்கும். எறும்பு போட்ட துளைகளில் காற்று நுழைந்தால் மரமே சீழ்க்கையடிக்கும். அதன் பிசினையும் அந்த எறும்புகளையும் நம்பி வாழ்கிறது பட்டாஸ் குரங்கு: செம்பழுப்பு உடம்பு, ஒல்லிக் கால், வாயைச் சுற்றி வெள்ளை மீசை. லோராக்ஸின் படத்தைப் பார்த்தவர்கள் இந்தக் குரங்கைப் பார்த்தால் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். கைசல் படித்த டார்ட்மத் கல்லூரியின் மானுடவியலாளர் நதானியேல் டாமினியும் இலக்கியப் பேராசிரியர் டொனால்ட் பீஸும் வேறு இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். முக அமைப்புகளைக் கணினியில் ஒப்பிட்டு, லோராக்ஸின் மூலம் இந்தக் குரங்காக இருக்கலாம், அந்தக் கற்பனை மரத்தின் மூலம் இந்தச் சீழ்க்கை மரமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள்.

குரங்கோ இல்லையோ, அவர்கள் அதிலிருந்து எடுத்த பொருள் எனக்கு முக்கியம். லோராக்ஸ் எரிச்சலூட்டுகிற பாத்திரம். எந்நேரமும் விரலை நீட்டிக்கொண்டு அதட்டும், என் மரம் என் மரம் என்று உரிமை பேசும். வெளியிலிருந்து வந்து சட்டம் பேசும் காவலனாகவே அதைப் பலர் வாசித்தார்கள். ஆனால் அது அந்த மரத்தின் பிசினைத் தின்று வாழும் குரங்கு என்று வைத்துப் பாருங்கள். அப்போது அது பேசுவது வயிற்றுப்பாட்டுப் பேச்சு. மரம் போனால் தானும் போகவேண்டிய ஒன்றின் கத்தல். கென்யாவில் அந்த மரத்தைக் கரிக்காக வெட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தக் கத்தல் இன்னும் உறைக்கும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பாழ்பட்ட ஊரின் ஓரத்தில் ஒரு கிழவர் ஒளிந்து வாழ்கிறார், பெயர் ஒன்ஸ்லர். ஒரு சிறுவன் வந்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்கிறான். கூலி வாங்கிக்கொண்டு கிழவர் சொல்கிறார். இளைஞனாக வண்டியில் வந்தேன், பட்டுக் கொண்டை போட்ட ட்ரஃபுலா மரங்களைக் கண்டேன், ஒன்றை வெட்டி 'த்னீட்' என்ற ஆடை மாதிரி ஒன்றைப் பின்னினேன். வெட்டிய அடிமரத்திலிருந்து லோராக்ஸ் வெளியே வந்து, மரங்களுக்காகப் பேசுகிறேன் என்று தடுத்தது. இதை எவன் வாங்குவான் என்று அது கேட்ட நிமிஷத்தில் ஒருவன் வந்து 3 டாலர் 98 காசுக்கு வாங்கிப் போனான். பிறகு தொழிற்சாலை, உறவினர் கூட்டம், ஒரே வீச்சில் நாலு மரம் வெட்டும் இயந்திரம். பழமில்லாமல் பிராணிகள் போயின, புகையில் அன்னங்கள் போயின, கழிவில் மீன்கள் போயின. கடைசி மரம் விழுந்தது. லோராக்ஸும் போனது.

இந்தப் புத்தகத்தின் பலம் லோராக்ஸிடம் இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். என் பார்வையில் பலம் ஒன்ஸ்லரிடம்தான். சொல்கிறவன் குற்றவாளி. அவன் வாக்குமூலம்தான் புத்தகம். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை அவன் முகத்தை வரையவே இல்லை. பச்சைக் கைகள் மட்டும் தெரியும்: பின்னும் கை, எண்ணும் கை, தொலைபேசியைப் பிடித்த கை, கடைசியில் ஒரே ஒரு விதையை மேலிருந்து நழுவவிடும் கை. முகமில்லாத ஒருவனின் இடத்தில் எந்த முகத்தையும் வைக்கலாம், வாசிக்கிற அப்பாவின் முகத்தையும் சேர்த்து. குழந்தை அதைச் சொல்லாது. ஆனால் மடியில் உட்கார்ந்து, பக்கம் திருப்பும் கையைப் பார்க்கும்.

நிறமும் அப்படித்தான் வேலை செய்கிறது. சூஸின் பழைய புத்தகங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பளிச்சென்று அடிக்கும். இதில் அவர் அதுவரை தொடாத ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் மங்கல் பச்சையும் எடுத்துக்கொண்டார். நடுப்பக்கங்களில் மரக்கொண்டைகள் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூத்து நிற்கும். பக்கம் திரும்பத் திரும்ப அவை குறைந்து பழுப்பேறும். எழுத்துக்கூட்டத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கும் இழப்பு புரிந்துவிடுகிறது. வண்ணம் எங்கே போச்சு என்று அது கேட்கும். அறிக்கைகளுக்கு வாய்க்காத மொழி இது. படப் புத்தகம் என்ற வடிவத்தின்மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணமே இந்தப் பழுப்பேறல்தான்.

இனி ஈரி ஏரி. வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது அதுதான். அதனாலேயே சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் கெடும். டொலீடோ, கிளீவ்லாந்து என்று கரையெல்லாம் ஆலை நகரங்கள். சாக்கடையோடும் சலவைத் தூளோடும் வந்து சேர்ந்த பாஸ்பரஸ் பாசிக்கு உரமானது. பாசி செத்து அடியில் அழுகியபோது நீரிலிருந்த ஆக்சிஜனைக் குடித்தது. மீன்களுக்கு மூச்சுத் திணறியது. 1960களில் ஈரி செத்த ஏரி என்று பத்திரிகைகள் எழுதின. அதில் வந்து விழும் கையஹோகா ஆறு 1969 ஜூன் 22 அன்று கிளீவ்லாந்தில் தீப்பிடித்து எரிந்தது. நீர்மேல் படிந்த எண்ணெய்க் கழிவில் பற்றிய தீ. அப்படியானால் 1970இல் ஓர் அமெரிக்கர் மீன்களுக்காக வருந்தி ஒரு பெயர் எழுத வேண்டுமென்றால் வேறு எந்தப் பெயரை எழுதுவார்?

புத்தகம் வந்தபோது பெரிய ஆரவாரம் இல்லை. சூஸின் வாசகர்கள் சிரிப்பை எதிர்பார்த்திருந்தார்கள். ஆனாலும் அது கவனிக்க வேண்டியவர்கள் கண்ணில் பட்டது. அதன் மூலப் படங்களை அவர் டெக்சஸில் உள்ள லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி நூலகத்துக்குக் கொடுத்தார். 1972 பிப்ரவரி 14 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் அரைமணி நேரக் கார்ட்டூனாக வந்தது. திரைக்கதையும் அவரே. அதில் புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சியைச் சேர்த்தார். ஆலையை மூடச் சொல்கிறாயே, வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று ஒன்ஸ்லர் கேட்கிறான். லோராக்ஸ் யோசித்துவிட்டு, நீ சொல்வதும் சரிதான், எனக்குப் பதில் தெரியவில்லை என்கிறது. எச்சரிக்கை சொல்ல வந்த பாத்திரம் பதில் தெரியாமல் நிற்பதை ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் அனுமதித்தாரே, அதற்காகவே அவரை வணங்கத் தோன்றுகிறது. புத்தகம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. அந்தக் கேள்வி புத்தகத்தை விடவில்லை.

அதே 1972இல் அமெரிக்கா, கனடா இரண்டும் பெரும் ஏரிகளின் நீர்த்தரம் குறித்து ஒப்பந்தம் போட்டன. சாக்கடைச் சுத்திகரிப்பில் பணம் போட்டார்கள். சலவைத் தூளில் பாஸ்பேட் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏரி கண்ணுக்குத் தெரிய மீண்டது, மீன்பிடி திரும்பியது. அப்போதும் பள்ளிக்கூடங்களில் புதுப்புதுப் பிள்ளைகள் ஈரி மோசம் என்ற வரியைச் சந்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1980களின் நடுவில் ஒஹையோ சீ கிராண்ட் என்ற ஏரி ஆய்வு அமைப்பைச் சேர்ந்த இருவர் கைசலுக்குக் கடிதம் எழுதினார்கள். ஏரி இப்போது அப்படி இல்லை, வந்து பாருங்கள் என்ற தொனியில். அவர் பதில் எழுதினார். மக்களும் விஞ்ஞானிகளும் பாடுபட்டு மீன்கள் மகிழ்ந்து வாழும் இடமாக்கிய நீர்நிலையை இனிமேலும் இழித்துச் சொல்வது தகாது என்று ஒப்புக்கொண்டு, வரும் பதிப்புகளில் வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். சொன்னபடி எடுத்தார்கள்.

இது சின்ன விஷயமில்லை. எச்சரிக்கை பலித்துவிடாமல் போவதற்காகத்தான் எச்சரிக்கிறோம். ஊர் திருந்தினால் எச்சரித்த வரி பொய்யாகிவிடும். பொய்யான வரியை எடுக்கத்தான் வேண்டும். லட்சக்கணக்கில் விற்ற புத்தகத்தில், ஓசை ஒழுங்குக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் வரியை, கரையோரத்திலிருந்து வந்த ஒரு கடிதத்துக்காக ஓர் எழுத்தாளர் விட்டுக்கொடுத்தார். சுற்றுச்சூழல் எழுத்தின் வரலாற்றில் மிக நேர்மையான திருத்தங்களில் ஒன்றாக இதை வைக்கிறேன்.

அடுத்துக் கேள்வி கேட்டவர்கள் மரம் வெட்டுகிறவர்கள். 1989, வடக்குக் கலிபோர்னியாவின் லேடன்வில். மரத்தொழிலை நம்பிய சிற்றூர். அங்கே இரண்டாம் வகுப்புக்கு லோராக்ஸ் கட்டாய வாசிப்பு. மரத்தொழில் குடும்பம் ஒன்று, இந்தப் புத்தகம் எங்கள் பிழைப்பைக் குற்றமாகக் காட்டுகிறது, கட்டாயப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று எழுந்தது. காலமும் அப்படி. புள்ளி ஆந்தையைக் காப்பதா, பழங்காட்டு மரத்தை வெட்டுவதா என்று பசிபிக் கரையே இரண்டுபட்டுக் கிடந்தது. அந்த ஆந்தை மறுவருடம் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. ஊர் முழுக்கப் பேசி, கடைசியில் புத்தகம் பட்டியலிலேயே தங்கியது.

தங்கியது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் குடும்பத்தின் வலியை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அப்பா செய்யும் வேலை கெட்ட வேலை என்று ஏழு வயதுப் பிள்ளை பள்ளியிலிருந்து கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும்? தொலைக்காட்சியில் ஒன்ஸ்லர் கேட்டது இவர்கள் கேள்விதான். கைசலின் விளக்கமும் நிதானமானது. மரம் வெட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை, நானும் மரவீட்டில்தான் வாழ்கிறேன், என் புத்தகமும் காகிதத்தில்தான் அச்சாகிறது, இருப்பதைப் பார்த்துச் செலவழியுங்கள் என்றுதான் சொல்கிறேன் என்றார். 1991இல் அவர் காலமானார்.

மரத்தரை தயாரிப்பாளர்களின் சங்கம் 1990களின் நடுவில் பதில் புத்தகமே போட்டது. பெயர் 'ட்ரூயாக்ஸ்'. அதில் மரம் வெட்டுகிறவர் பொறுமையான, படித்த மனிதர். மரத்துக்காகப் பேசும் பிராணி முன்கோபி. மரம் வெட்டுகிறவர் மறுநடவையும் காட்டு மேலாண்மையையும் விளக்க, பிராணி கடைசியில் தணிந்துபோகிறது. கலையாக அது நிற்கவில்லை. காரணம் எளிது: அதில் யாரும் எதையும் இழப்பதில்லை. ஆனாலும் ஒரு தொழில்துறை தன்னைத் தற்காத்துக்கொள்ளப் படப் புத்தகத்தையே ஆயுதமாக எடுத்ததே, அது லோராக்ஸுக்குக் கிடைத்த பெரிய ஒப்புதல். பாராட்டு விழாக்களில் இப்படி ஓர் ஒப்புதல் கிடைக்காது.

பாராட்டு வந்தபோதுதான் ஆபத்து வந்தது. 2012 மார்ச் 2, கைசலின் பிறந்தநாளில், யுனிவர்சல் நிறுவனம் கணினி வரைகலைப் படமாக லோராக்ஸை வெளியிட்டது. வசூல் குவிந்தது. படத்தோடு எழுபதுக்கு மேற்பட்ட வணிகக் கூட்டாளிகள். அவற்றில் ஒன்று மஸ்தா கார். ட்ரஃபுலா மரங்களின் நடுவே கார் ஓடும் விளம்பரம். அந்த மரத்தின் முத்திரை பெற்ற கார் என்று ஒரு வாசகம். பள்ளிகளுக்கே போய்ப் பிரசாரம் செய்து, பெற்றோர் ஒவ்வொரு முறை காரை ஓட்டிப் பார்க்கும்போதும் பள்ளி நூலகங்களுக்கு நன்கொடை என்ற திட்டமும் இருந்தது. வேண்டாத பண்டத்தைத் தேவை என்று விற்றவனின் கதை அது. அந்தக் கதையின் பிராணியே விற்பனைக்கு நின்றது.

படத்துக்குள்ளும் ஒன்று பறிபோனது. ஒன்ஸ்லருக்கு முகம் வைத்தார்கள். கிடாருடன் வரும் அழகான இளைஞன், கெட்ட அம்மா, கெட்ட உறவினர், காற்றைப் புட்டியில் விற்கும் தனி வில்லன். குற்றத்துக்கு இப்போது ஒரு முகமும் ஒரு பெயரும் கிடைத்துவிட்டன. பார்க்கிறவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பச்சைக் கைகளை மட்டும் வரைந்த மனிதர் மறைத்து வைத்ததன் முழுப் பயனும் அங்கே வீணானது. ஆனால் குழந்தைகள் ஏமாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படம் வரும் முன்பே மாசசூசெட்ஸில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படத்தின் இணையதளத்தில் சுற்றுச்சூழல் பற்றி ஒன்றுமே இல்லையே என்று கண்டுபிடித்து இணைய மனு போட்டார்கள். ஆயிரமாயிரமாகக் கையொப்பம் சேர்ந்தது. நிறுவனம் தளத்தை மாற்றியது. புத்தகத்தை ஒழுங்காக வாசித்த வாசகர்கள் அவர்கள்.

நீதிமன்றங்களிலும் இந்தப் புத்தகத்துக்கு ஒரு வாழ்வு உண்டு. மரத்துக்காக யார் பேசுவது என்ற கேள்வி, புத்தகம் வந்த மறுவருடமே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தானாக எழுந்தது. கலிபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் டிஸ்னி நிறுவனம் பனிச்சறுக்கு விடுதி கட்டுவதை எதிர்த்து சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கு. 1972 ஏப்ரல் 19 அன்று கிளப்புக்கு வழக்காடும் தகுதி நிறுவப்படவில்லை என்று பெரும்பான்மை சொன்னது. நதிக்கும் பள்ளத்தாக்குக்குமே அந்தத் தகுதி வேண்டும் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் மாறுபட்டு எழுதினார். 2018 டிசம்பரில் நேரடியாகவே லோராக்ஸ் நீதிமன்றம் ஏறியது. அப்பலாச்சியக் காடுகளின் வழியே எரிவாயுக் குழாய் போட வனத்துறை கொடுத்த அனுமதியை நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி ஸ்டெஃபனி தாக்கர், மரங்களுக்காகப் பேசும் பொறுப்பை வனத்துறையிடம் நாடு நம்பி ஒப்படைத்திருக்கிறது என்பதைச் சொல்ல இந்தப் படப் புத்தகத்தை மேற்கோள் காட்டினார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை 7க்கு 2 என்று மாற்றியது. வேடிக்கை என்னவென்றால் வென்ற நிறுவனங்களே சில வாரங்களில் திட்டத்தைக் கைவிட்டன. நம் பக்கமும் இந்தச் சிந்தனை தனி வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. 2022 ஏப்ரலில், காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரம் ஒன்றில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி இயற்கை அன்னையை உரிமைகள் உள்ள உயிருள்ள சட்ட நபராக அறிவித்தார்.

இதற்கிடையில் ஈரி ஏரி திரும்பவும் பச்சையானது. 1990களின் நடுவிலிருந்தே பாசி தலைகாட்டியது. இம்முறை குழாய் வழியே வரும் சாக்கடை முதன்மைக் காரணமில்லை; மௌமி ஆறு வழியாக வயல்களிலிருந்து வழிந்து வரும் உரமும் சாணமும். ஆலைக் குழாயை அடைக்கச் சட்டம் போதும். ஆயிரக்கணக்கான வயல்களின் வழிதலை எந்த வாயில் அடைப்பது? ஒன்ஸ்லருக்கு முகம் இல்லை என்று கைசல் வரைந்தது இங்கே அப்படியே மெய்யாகிறது. 2011இல் பாசி அதுவரை இல்லாத அளவுக்குப் பரவியது. 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் டொலீடோ நகரக் குடிநீரில் பாசியின் நச்சு கலந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தாலும் நச்சு போகாது, இன்னும் செறியும் என்று சொன்னார்கள். கடைகளில் தண்ணீர்ப் புட்டிகள் தீர்ந்தன. மூன்றாம் நாள்தான் தடை நீங்கியது.

அந்த நகரத்து மக்கள் சும்மா இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, ஈரி ஏரிக்குச் செழித்து வாழும் உரிமை உண்டு, அதற்காகக் குடிமக்கள் வழக்காடலாம் என்று நகரச் சாசனத்தில் எழுதினார்கள். மறுநாளே ஒரு விவசாயப் பண்ணை வழக்குப் போட்டது. 2020 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சாசனப் பிரிவை, சொற்கள் தெளிவில்லாதவை, அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று செல்லாததாக்கியது.

வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டுமா? அந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இறந்தவர் தன் கையால் எடுத்ததை நாம் ஒட்டவைக்கக் கூடாது என்றுதான் படுகிறது. அவர் எடுத்ததற்குக் காரணமான உழைப்பும் உண்மை, ஏரி பிறகு மறுபடி கெட்டதும் உண்மை. கதையை அப்படியே விட்டுவிட்டு, புத்தகத்தின் முடிவில் ஒரு பக்கம் சேர்க்கலாம். 1971இல் இங்கே ஓர் ஏரியின் பெயர் இருந்தது, கரையிலிருந்த மக்கள் அதைச் சுத்தம் செய்துவிட்டு எழுத்தாளரிடம் நீக்கச் சொன்னார்கள், அவர் நீக்கினார், 2014இல் ஒரு நகரம் மூன்று நாள் குடிநீர் இல்லாமல் இருந்தது. வயல்களிலிருந்து உரம் எப்படி ஏரிக்குப் போகிறது என்று ஒரு சிறு படம். ஏழு வயதுக் குழந்தைக்கு இது புரியும், புரியாது என்று நினைப்பது பெரியவர்கள்தான். பதிப்புரிமை டாக்டர் சூஸ் எண்டர்பிரைசஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முதலில் எழுதிக் கேட்கவேண்டியவர்கள், முன்பு போலவே, ஒஹையோக் கரையில் இருக்கிறார்கள்.